புது ஜீப் அலைகிறது

5 ஜூன் 1956, செவ்வாய்

பல்வலி இன்றும் விடவில்லை. வலது கடைவாய். கிராம்பை அதக்கிக்கொண்டேதான் வண்டி ஓட்டினேன்.

ஆபீசுக்கு வந்திருக்கும் புது ஜீப்பை இன்று முதல் முறையாக ஊருக்கு வெளியே எடுத்துப்போனேன். தளி வரை. பெயின்ட் வாசனை இன்னும் போகவில்லை. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தேங்காய் உடைத்து, எல்லாம் முறையாகத்தான் செய்தோம். ஆனால் ஸ்டியரிங் சரியில்லை. இரண்டு விரற்கடை திருப்பினாலும் சக்கரம் கேட்பதில்லை. பிறகு கேட்கும்போது வேண்டியதற்கு மேல் கேட்கிறது. நேர் ரோட்டில் தானாக இடது பக்கம் போகிறது, இழுத்துப் பிடித்தால் வலது பக்கம் ஓடுகிறது. பட்டாளத்தில் ஆறு வருஷம், லாரியில் நாலு வருஷம், இந்த ஆபீசில் ஐந்து வருஷம் — எத்தனையோ ஓட்டை வண்டி பார்த்தவன் நான். ஓட்டை வண்டி அலைந்தால் நியாயம் உண்டு. புதுசுக்கு என்ன கேடு?

9 ஜூன், சனி

ஆபீசரோடு தேன்கனிக்கோட்டைக்கு. பாதி வழியில் விறகுக்கட்டோடு ஒரு பெண்பிள்ளை ஓரமாக நடந்து வந்தாள். வண்டி அவள் பக்கமாக ஒதுங்கியது. நான் ஒதுக்கவில்லை, அதுவாக ஒதுங்கியது. கட்டைப் போட்டுவிட்டுப் பள்ளத்தில் குதித்தாள்.

“குடிச்சுப்புட்டு ஓட்றியா? உங் கையி முறிஞ்சு போவ!”

ஆபீசர் ஒரு மைல் போன பிறகு, “முனிவேல், காலையில என்ன சாப்பிட்ட?” என்றார். ராகிக் களி என்றேன். “வேற?” என்றார்.

எங்கள் பக்கம் மதுவிலக்கு. ஓசூரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனால் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளி, மைசூர்ச் சீமை, சாராயக்கடை. அதனால் இந்த ஊரில் மனுஷனோ மாடோ, எது கோணலாக நடந்தாலும் அத்திப்பள்ளியிலிருந்து வருவதாகத்தான் பேச்சு. இன்று ஜீப்பும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிட்டது.

10 ஜூன், ஞாயிறு

கொட்டகையில் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்கினேன். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினேன். இடது பக்கம் கல் மாதிரி நின்றது. வலது பக்கம் ‘லொடக்’. ஒரு மயிரிழைதான், ஆனால் என் கைக்குத் தெரிந்தது. சக்கரம் திரும்புகிற மூட்டுக்குள் ஏதோ தளர்ந்து கிடக்கிறது. கழற்றிப் பார்த்தால் ஒரு மணி நேர வேலை.

கழற்றத்தான் கூடாது. ஆறு மாதத்துக்குக் கம்பெனி ஆட்கள் தவிர வேறு யாரும் ஸ்பானர் வைக்கக் கூடாது என்று சீட்டு ஒட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு போல்ட்டின் மேலும் சிவப்புப் பெயின்ட் பொட்டு வேறு. பொட்டு உடைந்தால் நான் பதில் சொல்ல வேண்டும்.

14 ஜூன், வியாழன்

வலது சக்கரத்தின் மூட்டு தளர்ந்திருக்கிறது என்று ஆபீசரிடம் சொன்னேன். “கம்பெனிக்காரன் மடையன், நீ புத்திசாலியா?” என்றார். மடையன் என்று நான் சொல்லவே இல்லை.

18 ஜூன், திங்கள்

ருக்மணி இன்று கேட்டுவிட்டாள். தண்ணீர் பிடிக்கப் போன இடத்தில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சோற்றைப் போட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல், “வண்டி ரோட்ல அங்கயும் இங்கயும் போவுதாமே” என்றாள்.

“ஸ்டியரிங்ல கோளாறு” என்றேன்.

“ம்” என்றாள். அந்த ‘ம்’மை என்னால் முழுங்க முடியவில்லை.

ஐந்து வருஷம் ஆகிறது. எங்கள் காவேரிக்கு அப்போது இரண்டு வயசு. சுரம் ஏறி வலிப்பு வந்த அன்று லாரி என் கையில் இருந்தது. நான் அத்திப்பள்ளியில் இருந்தேன். ருக்மணி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் ஊர் மத்திகிரியிலிருந்து ஓசூர் ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். போய்ச் சேரும்போது பிள்ளை இல்லை. அன்று விட்டவன்தான் நான், இன்றுவரை ஒரு சொட்டுக் கிடையாது. அவளும் அந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசித் தொலைத்தால் தேவலை என்று எத்தனையோ தடவை நினைத்திருக்கிறேன்.

26 ஜூன், செவ்வாய்

ஆத்திரம்.

கடைசியில் ஆபீசர் உத்தரவு போட்டார், ஜீப்பைப் பெங்களூர் ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனேன். ஃபோர்மன் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஹொச காடி அல்வா? ஏனூ ஆகல்ல” என்றார். புது வண்டிதானே, ஒன்றும் ஆகாதாம். வலது மூட்டைக் கழற்றிப் பாருங்கள் என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் கெஞ்சினேன். அவர் ஸ்டியரிங் பெட்டியின் திருகை இறுக்கினார். கிரீஸ் வைத்தார். ‘சோதித்தது, குறை இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பெட்டியை இறுக்கினால் ஆட்டம் அடங்கின மாதிரி இருக்கும், ஆனால் நோய் அங்கே இல்லையே. திரும்பி வரும்போது இன்னும் மோசம். திருப்பினால் திருப்பின இடத்திலேயே நிற்கிறது, தானாக நேருக்கு வருவதில்லை. அத்திப்பள்ளியைத் தாண்டி எல்லைக்கு வரும்போது ரோட்டின் இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்குமாக வந்தேன். செக்போஸ்ட்டில் கை காட்டி நிறுத்தினார்கள்.

“ஊது.”

ஊதினேன். போலீஸ்காரர் சிரித்தார். “கிராம்பா?”

பல்வலி ஐயா, என்றேன். சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அத்திப்பள்ளியில் குடித்துவிட்டு வருகிறவன் எல்லாம் கிராம்பைத்தானே மெல்லுகிறான். இந்த ஊரில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? ஏன் துப்பித் தொலைக்கவில்லை நான்? தரையில் கோடு போட்டு நடக்கச் சொன்னார்கள். நேராக நடந்தேன். “பழகின காலு” என்றார் அவர். ஆபீசுக்கு எழுதி அனுப்பிவிட்டார்கள். மத்திகிரி ஆட்கள் இரண்டு பேர் பஸ்ஸிலிருந்து எட்டிப் பார்த்தார்கள்.

27 ஜூன், புதன்

மறு உத்தரவு வரும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார் ஆபீசர். ஒர்க்‌ஷாப் காகிதத்தை மேசையில் தட்டினார். “குறை இல்லைன்னு எழுதியிருக்கு. அப்போ குறை எங்க இருக்கு?”

வீட்டுக்கு வந்தேன். ருக்மணிக்கு முன்பே தெரிந்திருந்தது. சத்தியம் செய்தேன், காவேரி மேல் ஆணை என்றேன். அந்தப் பெயரை நான் எடுத்திருக்கக் கூடாது.

“அன்னிக்கும் லாரியில கோளாறுன்னுதான சொன்னீங்க?” என்றாள்.

கத்தவில்லை. அழவில்லை. இட்லிக்கு அரிசி ஊறப்போடட்டுமா என்று கேட்கிற மாதிரி கேட்டாள்.

ஆமாம், அன்று அப்படித்தான் சொன்னேன். ஆஸ்பத்திரி வாசலில், பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருக்கும்போது, லாரி வழியில் நின்றுவிட்டது என்று சொன்னேன். இந்த நோட்டிலும் அன்று அப்படித்தான் எழுதினேன். ஐந்து வருஷம் அவள் அதை நம்பிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேனே, என்ன ஆளுடா நீ முனிவேலு.

29 ஜூன், வெள்ளி

ருக்மணி பர்கூருக்கு, அவள் அண்ணன் ராமப்பன் வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட வருகிறேன் என்றேன். “வேணாங்க, நடந்தே போய்க்கறேன்” என்றாள்.

3 ஜூலை, செவ்வாய்

நானே களி கிண்டினேன். கட்டி கட்டியாக.

7 ஜூலை, சனி

லால் பாஷா அண்ணன் வீட்டுக்கு வந்தார். இப்போது ஜீப்பை அவர்தான் ஓட்டுகிறார். ஐந்து வேளை தொழுகிற மனுஷர். அவர் வண்டி அலைந்தால் ஒருத்தனும் அத்திப்பள்ளியைச் சொல்ல மாட்டான்.

“உம்மேல தப்பில்ல முனிவேலு. அது சைத்தான் பிடிச்ச வண்டி. நேத்து பாலத்துச் செவுத்துல ஒரசப் பாத்துச்சு. திங்கக்கெழம நானே ஆபீசர்கிட்ட சொல்றேன், பாரு.”

அவர் போன பிறகு வெகு நேரம் அழுதேன். யாரோ ஒருத்தர் நம்பினார் என்பதற்கே இப்படியா?

11 ஜூலை, புதன்

திங்கட்கிழமை ஆபீசர் இல்லை. சேலத்துக்கு மீட்டிங் போய்விட்டார். நேற்று சூளகிரிக்குப் பக்கத்தில் ஜீப் புளியமரத்தில் மோதிவிட்டது. லால் பாஷா அண்ணனுக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு, கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் இருக்கிறார். வண்டியையும் கிருஷ்ணகிரிக்கே இழுத்துப்போய், ருக்மணியின் அண்ணன் வேலை பார்க்கிற ஷேக் தாவூத் மேஸ்திரி கொட்டகையில் விட்டிருக்கிறார்களாம்.

ஆபீசுக்கு ஓடினேன். இப்போதாவது தெரிகிறதா ஐயா என்று கேட்கத்தான் போனேன். அவர் முந்திக்கொண்டார்.

“நீ குடிச்சிட்டு எங்கயோ கொண்டுபோய் முட்டியிருக்க. முன்பக்கம் வளைஞ்சிருக்கும். உன் பாவத்துக்கு அந்த நல்ல மனுஷன் படுத்துக் கிடக்கிறார்.”

ஹெட்கிளார்க்கும் பியூனும் நின்று கேட்டார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்தேன். அதுதான் சரி என்று எல்லோர் முகத்திலும் எழுதியிருந்தது. நாளை கிருஷ்ணகிரிக்குப் போய் வண்டியைப் பார்த்துவிட்டு வேலையை விட்டே நீக்க எழுதப்போகிறாராம்.

நான் முட்டவில்லை. எங்கேயும் முட்டவில்லை. யாரிடம் சொல்ல?

13 ஜூலை, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று காலையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நேற்று மத்தியானம் அத்திப்பள்ளிக்குப் போனேன். எல்லோரும் சேர்ந்து என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள் என்று எழுதலாம். பொய். பஸ்ஸில் நானாகத்தான் ஏறினேன். செய்யாததற்கே இவ்வளவு பட்டாயிற்று, செய்துவிட்டால் இதற்குமேல் என்ன என்று நினைத்தேன். முதல் மடக்கு குமட்டியது. அப்புறம் குமட்டவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன். கதவு திறந்திருந்தது. உள்ளே ருக்மணி. கூடையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். நான் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

“மேஸ்திரி கழட்டிப் பாத்துட்டாருங்க” என்றாள். மூச்சு வாங்கியது அவளுக்கு. “உங்க ஆபீசரு பக்கத்துலயே நின்னாராம். எங்கண்ணனும் இருந்துச்சு. வலது மூட்டுக்குள்ள வைக்கற தகடே வைக்கலியாம். பூட்டும்போதே மறந்துட்டாங்களாம். அந்த மூட்டுல செவப்புப் பொட்டு ஒண்ணுகூட ஒடையல, பொறவு யாரும் கைய வைக்கலன்னு மேஸ்திரியே அடிச்சுச் சொல்லிட்டாரு. உங்க ஆபீசரே குனிஞ்சு பாத்தாராம். அண்ணன் ஓடியாந்து சொன்னதும் அடுத்த பஸ்ஸுல ஏறிட்டேன்.”

நான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“வண்டிதான்னு நீங்க சொன்னீங்க. நாந்தான் நம்பல. காவேரி பேர வேற இழுத்து… அந்தப் பேச்ச நான் பேசியிருக்கக் கூடாதுங்க. ஏதாச்சும் சொல்லுங்க. வையவாச்சும் வையுங்க.”

கிட்டே வந்தாள். நான் பின்னால் நகர்ந்தேன். வாயைத் திறந்தால் வாசனை வரும். மூச்சைப் பிடித்துக்கொண்டு அவளைத் தாண்டிப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவள் அடுப்பு மூட்டினாள். சோறாக்கித் தலைமாட்டில் மூடி வைத்துவிட்டுத் தள்ளிப் போய்ப் படுத்தாள். அழுகிற சத்தம் கேட்டது. ஐந்து வருஷம் தொடாமல் இருந்தேன். ஒரே ஒரு நாள். ஒரு நாள் பொறுக்க முடியலியாடா உனக்கு?

16 ஜூலை, திங்கள்

வேலைக்கு வரச் சொல்லிக் காகிதம் வந்தது. ‘டிரைவர் மீது குற்றமில்லை’ என்று எழுதியிருக்கிறது. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள், போட்டேன். ஆபீசர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். செக்போஸ்ட்டுக்கும் எழுதிவிட்டாராம். ஜீப் இன்று கிருஷ்ணகிரியிலிருந்து வந்துவிட்டது. ஒரு விரலால் பிடித்தாலும் நூல் பிடித்த மாதிரி போகிறது.

சாயங்காலம் ருக்மணி சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். நாலு நாளாக அவளோடு சரியாகப் பேசவில்லை. அத்திப்பள்ளிக்குப் போய்க் குடித்ததை இன்று எப்படியாவது சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டுதான் வந்தேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

“இன்னும் எம்மேல கோவமாங்க?” என்றாள்.

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.