கப்ரியின் முதல் சொந்தக்காரன்

நோர்பரி, லண்டன்,
04.02.2024

அன்புத் தம்பி பவித்திரனுக்கு,

அக்கா வத்சலா எழுதுகிறேன். நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்றும் எழுதுகிறேன். கோபத்திலா சந்தோஷத்திலா என்று எனக்கே தெரியவில்லை.

என் மகன், உன் மருமகன் கிரணுக்குப் பெரிய எஞ்சின் வைத்து உறுமுகிற பழைய கார்கள் என்றால் பைத்தியம். போன மாதம் கறள் பிடித்த ஃபோர்ட் கப்ரி ஒன்றை வாங்கிவந்து என் கராஜை அடைத்துவிட்டான். அதை முதன்முதலில் வாங்கியது யார் என்று தெரிந்தால்தான் காருக்கு மதிப்பாம். லைசன்ஸ் ஒபிசுக்கு எழுதி, காரை விற்ற கடையைத் தேடிப் பிடித்து, பழைய தவணைக் கடன் படிவத்தையே எடுத்துவிட்டான். “அம்மா, ஃபெஸ்ட் ஓனர் ஒரு தமிழ் ஆள்” என்று நீட்டினான்.

வேலாயுதம் பவித்திரன். பிறந்த திகதி 14.03.1964. வாங்கியது 1987 மே. கீழே உன் கையெழுத்து.

86இல் கொழும்புக்குப் போனாய். லண்டனுக்குப் பிளேன் ஏறிவிட்டாய் என்று ஏஜென்சிக்காரன் சொன்னான். அதோடு சரி. அம்மா பதினேழு வருஷம் தபால்காரனின் சைக்கிள் மணிக்குக் காதைக் கொடுத்தபடி இருந்தா. ஒரு போஸ்ட்காட் போட நேரமில்லாத உனக்கு, பள்ளிக்கூடக் கொப்பியெல்லாம் கீறிவைத்த காரை வாங்க மட்டும் நேரம் இருந்ததா? நான் 95இல் இங்கே வந்தேன். உன்னைப் போல நடக்கிறவர்களுக்குப் பின்னாலே போய், அடிவாங்காத குறையாக எத்தனை தரம் திரும்பியிருக்கிறேன் தெரியுமா?

படிவத்திலிருந்த ஈஸ்ட் ஹாம் விலாசத்துக்குப் போனேன். வீட்டுக்காரி பிலோமினம்மா இன்னும் அங்கேதான். “ஓம், பவித்திரன் இஞ்சதான் இருந்தவர். நத்தார் பண்டிகைக்கு இப்பவும் வந்து போறவர். கடிதத்தைத் தாங்கோ, குடுக்கிறன். விலாசம் மட்டும் கேக்காதேங்கோ” என்றா.

ஒரு விளக்கமும் வேண்டாம். வந்து முகத்தைக் காட்டு.

உன் அக்கா,
வத்சலா

*

19.02.2024

மதிப்புக்குரிய அம்மா அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தாங்கள் தேடுகிறவர் நான் அல்ல. ஒரே பெயரில் பலர் இருப்பார்கள். அந்தக் காரை 88இலேயே விற்றுவிட்டேன். தயவுசெய்து பிலோமினம்மாவை இனிச் சிரமப்படுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
வே. பவித்திரன்

*

நோர்பரி,
25.02.2024

தம்பி,

பெயர் ஒன்றாக இருக்கலாம். பிறந்த திகதியுமா? கையெழுத்துக்குக் கீழே இழுக்கிற அந்தக் கோணல் கோடுமா? யாருக்குக் கதை விடுகிறாய்?

மூன்று தரம் பிலோமினம்மா வீட்டு வாசலில் போய் நின்றேன். நேற்று நல்ல மழை. கதவைத் திறந்து, “அந்த மனுசனும் பாவம், விடுங்கோ பிள்ளை” என்றா. யார் பாவம்? அறுபத்தாறு வயதில் பஸ்ஸில் அழுதுகொண்டு வருகிறேன். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை எழும்பி இடம் தருகிறது.

நீ ஜெயிலில் இருந்திருக்கலாம். யாரையோ கட்டிவிட்டு எங்களுக்குச் சொல்லப் பயந்திருக்கலாம். எங்களைப் பிடிக்காமலே போயிருக்கலாம். எதுவானாலும் எனக்குச் சரி. வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன், உன் காலில் விழுந்து கேட்கிறேன். ஒரு வரி எழுது தம்பி.

வத்சலா

*

10.03.2024

அக்கா,

என் பெயர் மாதவன். காரை வாங்கியது நான். பெயர் உங்கள் தம்பியுடையது.

86 ஒக்டோபரில் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் நானும் பவித்திரனும் ஒரே அறை. அவர் பாஸ்போட்டில் லண்டனில் படிக்க விசா இருந்தது. என்னிடம் ஒன்றுமில்லை. பயணத்துக்கு நாலு நாள் இருக்க, காலுக்குச் சப்பாத்து வாங்கப் போனவரைப் பொலிஸ்காரர் ரோட்டில் வைத்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். பாஸ்போட் தலையணைக்குக் கீழே கிடந்தது. “பிளேன்ல சீற் வீணாப் போகப்போகுது” என்று ஏஜென்சிக்காரன் அவர் படத்தை உரித்து என் படத்தை ஒட்டித் தந்தான். தலை மாற்றின பாஸ்போட் என்று அப்போது சொல்வார்கள். கையெழுத்தை இரண்டு நாள் எழுதி எழுதிப் பழகினேன்.

89இல், அவரோடு உள்ளே இருந்த ஒருவரைப் பாரிசில் கண்டேன். பிடித்த எட்டாம் நாளே பவித்திரன் இறந்துவிட்டார் என்றார். அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். விஷயம் வெளியே போனால் என்னைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். பிறகு கல்யாணம், பிறகு மகள் ஓவியா. பயம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவளுடைய பெயருக்குப் பின்னாலும் உங்கள் தம்பியின் பெயர்தான் இருக்கிறது.

லொட்ஜில் அவர் வாய் ஓயாமல் அந்தக் காரைப் பற்றியே கதைப்பார். பெற்றோல் ஸ்ரேசனில் இரண்டு ஷிப்ட் நின்று, தவணைக் கடனில் அதை வாங்கினேன், அவருக்கு ஏதோ செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு. ஏறி இருக்கவே முடியவில்லை. அதுதான் விற்றேன்.

நீங்கள் என்ன செய்தாலும் அது நியாயம். ஏலுமென்றால் மன்னியுங்கள்.

மாதவன்

*

நோர்பரி,
17.03.2024

மாதவனுக்கு,

உங்களை யாரிடமும் காட்டிக்கொடுக்க மாட்டேன். ஓவியா ஒரு பிழையும் செய்யவில்லை. பெயரை வைத்திருங்கள். மன்னிப்பு மட்டும் என்னிடம் கேட்காதீர்கள். அது என்னால் ஏலாது. இனி எழுதவும் வேண்டாம்.

நீங்கள் 89இல் எழுதாமல் விட்டதால் என்ன நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். மகன் லண்டனில் சொகுசாக இருந்துகொண்டு எங்களை மறந்துவிட்டான் என்றுதான் அம்மா கடைசியில் நம்பினா. 2003இல் நான் ஊருக்குப் போயிருந்தபோது, சாகிற அன்று என் கையைப் பிடித்து, “அவன் வந்தாலும் எனக்குக் கொள்ளி வைக்க விடாத” என்றா. நானும் “ஓம் அம்மா” என்றேன்.

எட்டாம் நாளே செத்துப்போன பிள்ளையைத்தான் நாங்கள் இரண்டு பேரும் அப்படிச் சொல்லியிருக்கிறோம்.

வத்சலா