அன்ரனிப்பிள்ளையின் குழியைத் தோண்ட வேண்டாம்

அனுப்புபவர்:
செபஸ்தியான் கத்தரினா,
ஜெபவீட்டு வளவு, கடற்கரை வீதி,
தாழையடிக்குடா, கண்டக்குழி வழி.

பெறுபவர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
புத்தளம் மாவட்டம்.

விடயம்: எனது வளவில் அடக்கம் செய்யப்பட்ட அன்ரனிப்பிள்ளையின் உடலைத் தோண்டி அகற்றும்படியும், அங்கு நடைபெறும் ஜெபக்கூட்டத்தை நிறுத்தும்படியும் வந்த அறிவித்தலுக்கு எதிரான முறைப்பாடு.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் அலுவலகத்தின் அறிவித்தல் கிராம உத்தியோகத்தர் மூலம் எனக்குக் கிடைத்தது. இம்மாத முடிவுக்குள் உடலைத் தோண்டிப் பொது மயானத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்றும், தவறினால் பொலிஸார் முன்னிலையில் அது செய்யப்படும் என்றும் அதில் கண்டிருக்கிறது.

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். இந்த மனுவை நானே எழுதுகிறேன். முதலில், காசுக்கு மனு எழுதிக் கொடுக்கும் ஒருவரிடம்தான் போனேன். அவர் "ஏழை விதவையாகிய நான் அறியாமையினால் செய்துவிட்டேன், மன்னிக்கவும்" என்று எழுதித் தந்தார். எழுத்து வடிவாகத்தான் இருந்தது. விதவை என்பது சரி. மற்றவை சரியில்லை என்று கிழித்துப் போட்டேன். நான் அறிந்துதான் செய்தேன். ஏன் செய்தேன் என்பதைக் கீழே எழுதுகிறேன். பிழை இருந்தால் என் எழுத்தில் இருக்கும், சொல்வதில் இராது.

1. வெளியில் இருந்து வந்தவர்கள் ஆசை காட்டி ஆட்களை மாற்றுகிறார்கள் என்று எங்கள்மேல் புகார் கொடுக்கப்பட்டிருப்பதாக அறிகிறேன். ஐயா, நான் இந்தக் கரையில் பிறந்தவள். இந்த ஊர்க் கோவிலில் ஞானஸ்நானம் பெற்று அங்கேயே கலியாணம் முடித்தவள். என் புருஷன் அந்தக் கோவிலின் சேமக்காலையில்தான் அடக்கமாகியிருக்கிறார். சண்டை முடிந்த அடுத்த வருஷம் என் மகள் பிள்ளை பெற்ற பிறகு காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். பக்கத்துக் கட்டிலுக்கு வந்துபோன ஒரு அம்மா, சிக்குப் பிடித்துக் கிடந்த என் மகளின் தலைக்கு எண்ணெய் வைத்து நாளும் சீவிவிட்டா. சீவிக்கொண்டே மெதுவாக ஜெபித்தா. சபைக்கு வா என்று ஒரு சொல் சொல்லவில்லை. மகள் தப்பவில்லை. அடக்கம் முடிந்து சொந்தக்காரர் எல்லாரும் போன பிறகு, அந்த அம்மா பஸ் ஏறி என் வீட்டைத் தேடி வந்து என்னை இருத்தி வைத்து என் தலையைச் சீவிவிட்டா. அன்றுதான் நான் அந்த ஜெபத்தில் சேர்ந்தேன். எனக்கு ஆசை காட்டிய பொருள் ஒரு சீப்புத்தான்.

2. அதன் பிறகு நானும் அதையே செய்து வருகிறேன். மகள் விட்டுப்போன பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டே செய்தேன். ஊரில் யாராவது படுத்துவிட்டால் கஞ்சியும் எண்ணெயும் சீப்பும் கொண்டு போவேன். கேட்டால் இயேசுவைப் பற்றிச் சொல்வேன். கேட்காவிட்டாலும் சிலவேளை சொல்லிவிடுவேன், அதை மறைக்க மாட்டேன். அப்படித்தான் என் கருவாட்டு வாடியில் ஞாயிறு ஜெபம் தொடங்கியது. கிடுகுக் கூரை, மணல் தரை. ஒலிபெருக்கி இல்லை. புத்தளத்தில் இருந்து மாதத்தில் ஒரு தரம் வரும் போதகர் முதல் நாள் கருவாட்டு மணத்துக்கு மூக்கைப் பொத்தினார். இப்போது பழகிவிட்டார். எங்களிடம் இருந்து போன ஒரு குடும்பம் வண்ணாத்திவில்லுவில் தங்கள் மிளகாய்த் தோட்டத்துக் கொட்டிலில் இன்னொரு ஜெபத்தைத் தொடங்கியிருக்கிறது. என்னை அங்கே மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போய் வந்தவர்தான் அன்ரனிப்பிள்ளை. வள்ளம் ஓட்டும் கடற்றொழிலாளி. அவருடைய மனைவி மாக்கிறட், வயிற்றுப் பிள்ளை அழிந்து எழும்பாமல் கிடந்தபோது நான் தலை சீவப் போன வீடு அது. அவர்கள் இருவரும் பிறகு எங்களோடு சேர்ந்தார்கள்.

3. வீட்டில் சுரூபம், புனிதர் சிலை எதுவும் வைக்க வேண்டாம் என்று போதகர் போதித்தார். அதை எப்படி அகற்றுவது என்று அவர் சொல்லவில்லை, அவர் தரைப்பகுதி ஆள். அன்ரனிப்பிள்ளையின் வீட்டில், அவர் தகப்பன் தலவிலக் கோவில் திருநாளில் வாங்கி வந்த அந்தோனியார் சுரூபம் ஒன்று இருந்தது. எங்கள் கரையில் அறுந்த செபமாலை, பழுதான படம் எதையும் குப்பையில் போடுவதில்லை. உடைப்பதும் இல்லை. கடலில் இறக்கிவிடுவோம். அவரும் அப்படியே, மாக்கிறட் பூ தைத்த தலையணை உறை ஒன்றில் சுரூபத்தைச் சுற்றி, வள்ளத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு வந்தார். தங்கச்சி வீட்டுக்குக் கொடுத்திருக்கலாமே என்று பிறகு கேட்டேன். "குடுத்தா ஏன் எண்டு கேப்பாங்க அக்கா. உடைக்கவும் மனம் வரல்ல, அப்பா வாங்கினது. கடல்ல எண்டா பத்திரமா இருக்கும்" என்றார். நிந்தை செய்கிற மனுஷனின் கதை இப்படி இராது என்பதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

4. கொஞ்ச நாளில் கரைவலை இழுத்தபோது மீனோடு அந்தச் சுரூபமும் வலை மடியில் வந்தது. ஒரு கை உடைந்து, கையில் இருந்த குழந்தை இயேசு இல்லாமல். ஊர் முழுக்க வலைக்கயிறு பிடித்து இழுத்து நின்ற நேரம். சுற்றியிருந்த தலையணை உறையை எல்லாரும் அடையாளம் கண்டார்கள். தூக்கி எடுத்தவன் ஜெயந்தன், அன்ரனிப்பிள்ளையின் சொந்தத் தங்கச்சி மகன். "மாமா, இது பாட்டா வாங்கின அந்தோனியார்தானே? நீங்களா போட்டீங்க?" என்று கேட்டான். இவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஓம் என்றார். "சாமியத் தண்ணியில போட்டவனுக்குக் கடல் என்னத்தக் குடுக்குது எண்டு பாப்பம்" என்று கூட்டத்தில் ஒரு பெண்பிள்ளை சத்தமாகச் சொன்னா. அன்றில் இருந்து கரைவலைக் கயிற்றில் கை வைக்க அவரை விடவில்லை.

5. எங்கள் கரையில் ஒரு வள்ளம் வந்தால் கரையில் நிற்பவன் யாரானாலும் தோள் கொடுத்துத் தள்ளி மேலே ஏற்றுவான். பகையாளியின் வள்ளமானாலும் ஏற்றிவிட்டுத்தான் பகை. அவருடைய வள்ளத்துக்கு மட்டும் அது நின்றுபோனது. அவர் இறங்கித் தள்ள, மாக்கிறட் சாரியை இடுப்பில் செருகிக்கொண்டு மற்றப் பக்கம் தள்ளுவாள். ஆண்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மார்ச் மாதம், தலவிலத் திருநாள் வாரத்தில், சனிக்கிழமை காலையில் அப்படித் தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வள்ளத்தின் பக்கத்திலேயே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும் வழியில் உயிர் போய்விட்டது. இருதய வருத்தம் என்று மரண விசாரணை அதிகாரி எழுதியிருக்கிறார். அது அப்படியே இருக்கட்டும். ஆனாலும் வள்ளத்துக்கு இன்னும் இரண்டு தோள் கிடைத்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை.

6. அன்று பின்னேரம் உடலை வீட்டுக்குத் தந்தார்கள். கோவில் சபைத் தலைவரிடம் சேமக்காலையில் அவருடைய தகப்பன் பக்கத்தில் இடம் கேட்டு நானே போனேன். பங்குச் சுவாமி திருநாளுக்குப் போயிருந்தபடியால் அவரிடம் கேட்க முடியவில்லை. தலைவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அந்தோனியாரக் கடலுக்குத்தானே குடுத்தவர். அவரையும் கடலுக்கே குடுங்க அக்கா." பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். மறுநாள் அனுமதி கேட்கத் தங்கள் அலுவலகத்துக்கும் வந்தேன். ஞாயிற்றுக்கிழமை. பூட்டியிருந்த படலையில் காவலாளி நின்று திங்கட்கிழமை வரச் சொன்னார்.

7. வெக்கை காலம். மாக்கிறட் உடலுக்குப் பக்கத்தில் இருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். அப்போது வேலிக்கு அந்தப் பக்கத்து மஹ்ரூப் வந்தார். "அக்கா, மையித்த வெச்சிக்கிட்டு இருக்க ஏலா. எங்கட ஆக்கள் மணல்லதான் அடக்கிற. பலகை வெக்காட்டி இடிஞ்சி விழும். நான் வெட்டித் தாரன், நீங்க இடத்தக் காட்டுங்க" என்றார். நான் வாடிக்குப் பின்னால், என் பெயரில் உறுதி உள்ள காணியில், கிணற்றுக்கு எட்டத் தள்ளி இடம் காட்டினேன். அவர் மனைவி நஃபீஸா எல்லாருக்கும் சோறு சமைத்து அனுப்பினா. எங்கள் சபையில் ஆண்கள் குறைவு. பெட்டியைப் பெண்கள் நாங்கள்தான் தூக்கினோம். குழியை மூடும் நேரத்தில் ஜெயந்தன் வேலியோரத்தில் வந்து நின்றான். பிறகு உள்ளே வந்து, மஹ்ரூப்பின் கையில் இருந்த மண்வெட்டியை வாங்கி மிச்ச மண்ணை அவனே இழுத்துப் போட்டான். சாட்சியாகக் கீழே கையொப்பம் வைத்திருப்பவனும் அவன்தான். இதனால் ஊரில் அவனுக்கும் வருவது தெரிந்துதான் வைத்திருக்கிறான்.

8. வலையில் வந்த சுரூபத்துக்குக் கையைப் பொருத்தி, வர்ணம் அடித்து, கடற்கரையில் கண்ணாடிக் கூடு கட்டி வைத்திருக்கிறார்கள். அந்தோனியார் தானே திரும்பி வந்தார் என்று வெளியூர் ஆட்களும் வந்து மெழுகுதிரி கொளுத்துகிறார்கள். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்தக் கூடு இருக்கும் நிலமும் அரசாங்கத்தின் நிலம்தான் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன். உடைக்க மனம் வராமல் பூப்போட்ட துணியில் சுற்றி அவரை இறக்கிய மனுஷனுக்குத்தான் இந்தக் கரையில் ஆறடி இல்லை.

ஆகையால் ஐயா அவர்களிடம் நான் கேட்பது:

அன்ரனிப்பிள்ளையைக் கிடக்கும் இடத்திலேயே விட வேண்டும். அனுமதி இல்லாமல் அடக்கியது என் பொறுப்பு. அதற்குரிய தண்டனையை எனக்குத் தரலாம், மஹ்ரூப்புக்கு அல்ல. அவர் கூலி வாங்காமல் வெட்டியவர்.

சட்டம் இடம் தராது என்றால், எங்களைப் போல் எந்தச் சேமக்காலையும் சேர்க்காத ஆட்களுக்கு இந்தக் கரையிலேயே ஒரு துண்டு நிலம் ஒதுக்கித் தந்த பிறகு அவரை எடுக்க வேண்டும். பொது மயானம் இரண்டு பஸ் மாறிப் போகும் தூரம். மாக்கிறட் இப்போது காலையில் குழியடியில் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் மீன் விற்கப் போகிறாள். அதுதான் அவளை எழுப்பி நடக்க வைக்கிறது. ஒரு தரம் அவள் எழும்பாமல் கிடந்ததைப் பார்த்தவள் நான்.

ஜெபத்தைப் பதிவு செய்ய எந்தக் கந்தோருக்கு வரச் சொன்னாலும் வருவேன். அங்கே என்ன நடக்கிறது என்று அறிய ஞாயிற்றுக்கிழமையில் தாங்களோ தங்கள் உத்தியோகத்தரோ வந்து பார்க்கலாம். எங்களிடம் ஒரு கதிரைதான் உண்டு. அதை வருபவருக்குத்தான் கொடுப்போம்.

கடைசியாக ஒன்று. எனக்கு எழுபத்தொரு வயது. என் புருஷன் பக்கத்தில் எனக்கென்று விட்டிருந்த இடம் இனி எனக்கு இல்லை என்று கோவில் சபைத் தலைவர் அன்றைக்கே முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். அதனால் அன்ரனிப்பிள்ளைக்குப் பக்கத்தில் என் நீளத்துக்கு இடம் அளந்து, நாலு மூலைக்கும் முருங்கைக் கம்பு நட்டு வைத்திருக்கிறேன். இப்போது அவற்றில் இலை விட்டிருக்கிறது. அவருக்குத் தாங்கள் சொல்லும் முடிவுதான் எனக்கும். ஆகவே பதிலை மாக்கிறட்டின் பெயருக்கு அனுப்பாமல் என் பெயருக்கு, நானே பிரித்து வாசிக்கக்கூடிய காலத்தில் அனுப்பி வைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தாழையடிக்குடா,
2015.04.20

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
செ. கத்தரினா
(சொந்தக் கையொப்பம்)

சாட்சி: ஜெயந்தன், இறந்தவரின் மருமகன்