உன் பெயர் இருந்த பக்கத்தை நான்தான் வெட்டினேன்

என் தங்கமே ரேவதி,

எம்.பி.ஏ. ஃபைனான்ஸ் படிப்புக்காக நீ எழுதி முடித்த ப்ராஜெக்டை, உன்னோடு படித்த பிரவீன் தன் பெயரில் கொடுத்துவிட்டான். கல்லூரியும் வாங்கி வைத்துக்கொண்டது. வருகிற வியாழக்கிழமை அதற்கு வைவா என்கிற வாய்மொழித் தேர்வு. நடந்த அநியாயம் இதுதான். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

போன வாரம் திங்கட்கிழமை உன் மார்க் ஷீட்டுகளை வாங்க வேலூரில் உன் கல்லூரிக்குப் போனேன். துறை வாசலில் வைவா பட்டியல் ஒட்டியிருந்தது. பெயர், எதிரே ப்ராஜெக்ட் தலைப்பு. நான் எட்டாவதோடு நின்றவள். ஷூ கம்பெனியில் ஆர்டர் தாள்களைப் பார்த்துப் பார்த்து இங்கிலீஷை எழுத்துக்கூட்டக் கற்றவள். ஒருவேளை உன் பெயர் இருக்குமோ என்று விரல் வைத்துப் படித்தேன். பெயர் இல்லை. பிரவீன் பெயருக்கு எதிரே உன் தலைப்பு இருந்தது. ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்களின் மாதச் சீட்டு. எங்கள் தையல் லைனில் இருபது பேர் போடுகிற, நான் பிடிக்கிற சீட்டு.

அது அவன் கைக்கு எப்படிப் போனது? நான்தான் கொடுத்தேன்.

காய்ச்சல் வந்த ஒன்பதாம் நாள் நீ போய்விட்டாய். ப்ராஜெக்டைக் கொடுக்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது. உன் பதினாறாம் நாள் காரியத்தன்று, போனவர்கள் பொருளை வீட்டில் வைக்கக் கூடாது என்று உன் துணிகளை எல்லாம் கொடுத்தோம். அப்போதுதான் அவன் வந்தான். அழுதான், சாப்பிட்டான். "ஆன்ட்டி, அவ நோட்ஸ் எல்லாம் வீணாத்தானே போவுது, ஜூனியருங்களுக்குக் குடுத்துட்றேன்" என்றான். உனக்கும் அது பிடிக்கும் என்று நினைத்தேன். நோட்டு, பென் டிரைவ், ஸ்பைரல் போட்ட ப்ராஜெக்ட், எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன்.

கொடுப்பதற்கு முன்னால் முதல் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்தேன். பெரிய எழுத்தில் உன் பெயரும், கீழே நீ படித்த படிப்பும் இருந்த பக்கம். ஃபிரேம் போட்டு உன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினேன். இருபத்தொன்பது வருஷம் ஷூவுக்கு மேல்தோல் தைத்த கை, பிசிறு தெரியாமல் வெட்டியது. அந்தச் சுத்தத்தால்தான் ஒரு பக்கம் போனதே யாருக்கும் தெரியவில்லை.

ஃபிரேமைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு மறுநாளே துறைத்தலைவர் மேடத்திடம் போனேன். "முதல் பக்கத்தை யார் வேணும்னாலும் டைப் பண்ணலாம்மா. உள்ள இருக்கிறது உங்க பொண்ணு எழுதினதுன்னு காட்டணும்" என்றார். உன் கைடு சார் வேலையை விட்டுப் போய்விட்டாராம். போனை எடுக்கவில்லை. நீ டைப் செய்த பிரவுசிங் சென்டரில் ஒன்றும் மிச்சமில்லை.

பிரவீனைக் கூப்பிட்டார்கள். தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். நானே கேட்டேன்.

"ஏம்பா, எங்க சீட்டுல வைகாசி மாசம் மட்டும் தள்ளு ஏன் ஜாஸ்தி போவுது?"

"அந்த மாசம் டிமாண்ட் ஜாஸ்தி ஆன்ட்டி."

"ஏன் ஜாஸ்தி?"

மேடத்தைத் திரும்பிப் பார்த்தான். அது பள்ளிக்கூடம் திறக்கிற மாதம். பணம் உடனே வேண்டும் என்று, சீட்டுத் தொகையில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து நஷ்டப்பட்டாவது தள்ளி எடுப்போம். சாப்பாட்டு நேரத்தில் எங்கள் ஒவ்வொருத்தியிடமும் உட்கார்ந்து கேட்டு எழுதியவள் நீ. அவன் அந்தப் பக்கத்தைப் படிக்கக்கூட இல்லை.

மேடம் கெட்டவர் இல்லை. "கேள்வி கேக்கறது எங்க வேலைம்மா" என்றவர், பிறகு குரலைத் தாழ்த்தி, "சீட்டுல இருக்கிறவங்க ரெண்டு மூணு பேர், உங்க பொண்ணுதான் வந்து கேட்டு எழுதினதுன்னு எழுதிக் குடுக்கட்டும். நான் கமிட்டியில வைக்கிறேன்" என்றார்.

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். கம்பெனிக்குள் சீட்டுப் பிடித்தால் வேலை போகும் என்று கேட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதனால்தானே நீ யார் பெயரையும் போடாமல் ஒன்று, இரண்டு என்று எண் போட்டாய்? அவர்கள் பெயரை நானும் இங்கே எழுத மாட்டேன்.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லைன் பெண்களிடம் கேட்டேன். ஒருத்தி டிபன் பாக்ஸை மூடிவிட்டாள். "ரேவதி எங்க மடியில வளந்த பொண்ணுக்கா. ஆனா எழுதிக் குடுத்தா நாளைக்கே கேட்டுல நிறுத்திடுவான்" என்றாள் இன்னொருத்தி. மூன்றாவது ஒருத்தி எழுந்தே நின்றாள். "இல்லாத பொண்ணுக்குப் பேர் வாங்கி இன்னாக்கா பண்ணப்போற? இருக்கிற எம் பொண்ணுக்கு ஃபீஸ் யார் கட்றது? நீயா?"

"உன் பொண்ணு எழுதினத நாளைக்கு எவனாவது எடுத்துட்டுப் போவான், அப்போ வா எங்கிட்ட" என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு லைனில் யாரும் என்னோடு பேசவில்லை.

அவள் கேட்டது தப்பா? நீ இருந்தால் "விடும்மா" என்றிருப்பாயா? உன் படத்தைப் பார்த்துத் திட்டவும் செய்கிறேன். இவ்வளவு பாடுபட்டு எழுதியவள், ஒரு காப்பி எங்கேயாவது வைத்திருக்கக் கூடாதா? எனக்கு வேறு யார் இருக்கிறார்கள், திட்டுவதற்கு?

தப்பித்தவறி வீட்டில் தங்கிவிட்ட உன் புத்தகம் ஒன்றை வரி வரியாகப் படிக்கிறேன். இன்றைக்குக் கையில் இருக்கிற ரூபாயும் அடுத்த வருஷம் வரப்போகிற ரூபாயும் ஒன்றல்ல என்று அதில் இருக்கிறது. எங்கள் லைனில் அது தெரியாதவள் கிடையாது. அதைப் படிப்பாக ஆக்கி எழுதியவள் நீ. அதை விட்டுக்கொடு என்று யார் சொன்னாலும் என்னால் முடியாது.

அதனால் முடிவு செய்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். அச்சில் வந்ததும் கம்பெனிக்கும் தெரிந்துவிடும். தெரியட்டும். ஓய்வுக்குப் பதினொரு மாதம் இருக்கிறது. அதுவும் போனால் போகட்டும். இனி நடக்க வேண்டியது இது.

மேடம் வியாழக்கிழமை வைவாவை நிறுத்த வேண்டும். என் சீட்டு நோட்டில் மற்றவர்கள் பெயரை மறைத்துக் கொண்டுவருகிறேன். ப்ராஜெக்டோடு மாதம் மாதமாக ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

பிரவீன் அது தன்னுடையது இல்லை என்று தன் கையால் எழுதித் தர வேண்டும். அவனைத் துரத்தச் சொல்லவில்லை. வேறு ப்ராஜெக்ட் செய்து பாஸ் ஆகட்டும்.

கல்லூரி, இறந்தவளுக்குப் பட்டம் தர விதி இல்லை என்றால் தர வேண்டாம். நூலகத்தில் வைக்கிற பிரதியில் உன் பெயரைப் போட வேண்டும்.

கம்பெனி என் ஒருத்தியிடம் மட்டும் விளக்கம் கேட்க வேண்டும். சீட்டுப் பிடித்தவள் நான்.

என் லைன் பெண்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். என்னைத் தெரியாது என்று சொன்னாலும் சரி.

நான் வியாழக்கிழமை காலை அந்தத் துறை வாசலில் இருப்பேன். அன்று முடியாவிட்டால் வெள்ளிக்கிழமையும் இருப்பேன். உன் பெயர் அதில் ஏறும்வரை வந்துகொண்டே இருப்பேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

உன்னைப் பெற்றவள்,
உன் அம்மா ஜெயா