நான் வைக்காத கணு

ஜனவரி 14, ஞாயிறு

மழை. அத்தாரீன் தெரு முழுக்கச் சேறு. ரமலானுக்கு முன்னால் அலெக்ஸாண்ட்ரியாவில் எல்லோர் வீட்டுச் சுவருக்கும் மரத்தில் வெட்டிய குர்ஆன் வசனப் பலகை வேண்டும். கொஞ்சம் முன்னாலேயே வந்து கேட்க மட்டும் யாருக்கும் ஞாபகம் வராது.

காலையில் ஒரு பெரிய அரபு எழுத்து, நூன். கிண்ணம் மாதிரி வளையும். எழுத்துக்காரர் நாணல் பேனாவால் காகிதத்தில் எழுதித் தருவதை நான் கணினியில் கோடாக்க வேண்டும். வளைவு திரும்பும் இடத்தில் மட்டும் ஒரு கணு, அதன் பிடியை இழுத்தால் கோடு வளையும். கணு குறையக் குறைய வளைவு வழுக்கிக்கொண்டு போகும். எனக்கு இது தூக்கத்தில்கூட வரும். ஆனால் இன்று பெரிதாக்கிப் பார்த்தால், ஒரு கணுவின் மேலேயே இன்னொரு கணு உட்கார்ந்திருக்கிறது. நான் வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை. அழித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஜனவரி 17

மறுபடியும். மவுஸ் கெட்டுப்போச்சு என்று முதலாளி ஹாஜியிடம் சண்டை போட்டுப் புதிது வாங்க வைத்தேன்.

ஜனவரி 20

புது மவுஸிலும் வருகிறது.

ஜனவரி 22, திங்கள்

இன்று ஒரு பலகை கருகி வந்தது. வெட்டும் லேசர் கதிர் கோட்டின் மேல் ஓடும்போது ஒவ்வொரு கணுவிலும் கொஞ்சம் தயங்கும். இரண்டு கணு ஒட்டிக்கிடந்தால் அங்கேயே நின்று மரத்தைச் சுட்டுவிடும். நூனின் அடி வளைவில் ஒரு கரும்பொட்டு. நான் அழிக்காமல் விட்டது.

முதலாளி ஹாஜி ஷஹாத்தா பாய்ந்தது என் மேல் இல்லை. இயந்திரத்தை ஓட்டும் வதீஃ மேல்.

"என்னய்யா வதீஃ, லென்ஸைத் துடைக்கறியா இல்ல சும்மா தடவிக் கொடுக்கறியா?"

"இப்பத்தான் துடைச்சேன் ஹாஜி. வேணும்னா நக்கிக் காட்டட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வெட்கங்கெட்டவள்.

இறைவன் பெயர் இருக்கும் பலகையைக் குப்பையில் போட முடியாது. துணியில் சுற்றி வதீஃ பரண்மேல் வைத்தார். அவர் கிறிஸ்தவர், ஆனாலும் அந்த விஷயத்தில் எங்களைவிடக் கறார்.

ஜனவரி 25

கை. என் வலது கை. மவுஸின் மேல் சும்மா வைத்திருக்கும்போது ஆள்காட்டி விரல் தானாகத் துடிக்கிறது. ஒரு தடவை அழுத்தினால் இரண்டு தடவை விழுகிறது. அப்படித்தான் கணு மேல் கணு.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. இல்லாத எதையோ விரலில் உருட்டிக்கொண்டே இருப்பார். கடைசியில் அம்மாதான் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டாள், அப்புறம் ஊட்டிவிட்டாள். எனக்கு யார் செய்வார்கள்?

இல்லை, இல்லை. குளிர். வெறும் குளிர்தான்.

ஜனவரி 30

கையுறை போட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். குளிர் இல்லை.

பிப்ரவரி 3, சனி

ஒவ்வொரு எழுத்தையும் முடித்துவிட்டு, திரும்ப முதலிலிருந்து பெரிதாக்கி, பேன் பார்ப்பதுபோலப் பார்க்கிறேன். அப்படியும் தப்பிவிடுகிறது. மென்பொருளிலேயே கணுவைக் குறைக்கும் கட்டளை ஒன்று உண்டு. கொடுத்துப் பார்த்தேன். உபரியை மட்டுமா எடுத்தது? வளைவின் முதுகெலும்பையும் எடுத்துவிட்டது. எழுத்துக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது என்னம்மா, என் எழுத்துக்கு வீக்கம் கண்ட மாதிரி இருக்கு?" என்றார். மறுபடி கையாலேயே போட்டேன்.

இரவுச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரர் ஃபிக்ரி கேட்டார், "ஏன் நஜாத், ஃபூல் உனக்குப் பிடிக்கலையா?" அவித்துக் குழைத்த மொச்சை பிடிக்காமல் என்ன! ரொட்டியில் அள்ளினால் வழியில் கொட்டிவிடும், அவர் பார்த்துவிடுவார். பசியில்லை என்றேன். டிராம் ஓட்டிக் களைத்து வரும் மனுஷனிடம் இதை எப்படிச் சொல்வது? சொல்லிவிட்டால் உண்மையாகிவிடுமே.

பிப்ரவரி 6

இந்த நோட்டில் என் எழுத்து வரவரச் சிறுத்துப் போகிறது. வேண்டுமென்று செய்யவில்லை. பயமாக இருக்கிறது.

பிப்ரவரி 8, வியாழன்

பரண் நிறைந்துவிட்டது. "இன்னும் ரெண்டு பலகை வந்தா நான் மேலே ஏறி உட்கார்ந்துக்கறேன், பலகைங்க கீழே வேலை பார்க்கட்டும்" என்றார் வதீஃ. சொல்லிவிட்டு அவரே சிரிக்கவில்லை. மாதக் கடைசியோடு அவரை அனுப்பிவிட்டு வேறு ஆள் பார்ப்பதாக ஹாஜி சொல்லிவிட்டாராம். வதீஃபின் மகளுக்கு ஈஸ்டர் கழிந்ததும் கல்யாணம்.

"உன் கோட்டுல ஏதும் இல்லியே நஜாத்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"என் கோட்டுலயா? என் கோட்டுலயா மேஸ்திரி?" என்று நான் கத்திய கத்தலில் தெருவில் போனவன் திரும்பிப் பார்த்தான். பாவம், மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார். மன்னிப்பு! என்னிடம்!

சொல்லிவிட்டால் என் வேலை போகும். கை நடுங்குகிறவளுக்கு வளைவு போடும் வேலையை யார் கொடுப்பார்கள்? சொல்லாவிட்டால் அவருடையது போகும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ரமலானுக்கு முன்னால் பரணைக் காலி செய்து, எல்லாவற்றையும் மரியாதையாக மண்ணில் புதைத்துவிடச் சொன்னார் ஹாஜி. வதீஃ ஒவ்வொன்றாக இறக்கி, துணியை விலக்கித் தூசி தட்டி, வந்த வரிசையிலேயே மேசைமேல் வைத்தார். முதல் பலகையில் ஒரு பொட்டு. அடுத்ததில் இரண்டு. கடைசியில் வந்தவற்றில் அம்மை வார்த்ததுபோல.

என் கை எப்படி எப்படிக் கெட்டுப்போனது என்பது மேசை நீளத்துக்குப் பரவிக் கிடந்தது. அதில் ஒன்றைக்கூடத் தூக்கிப்போட எங்களுக்கு வழியில்லை, அதனால்தான் ஒன்றுவிடாமல் இருக்கிறது.

"லென்ஸ் இல்ல ஹாஜி. நான்தான்."

"நீதான்னா?"

கையை மேசைமேல் வைத்தேன். அடக்கவில்லை. அது பாட்டுக்கு ஆடியது. ஹாஜி பலகைகளையும் கையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அடிப்பாவி, இத்தனை நாளா இந்த மனுஷனைத் திட்டித் தீர்த்தேனே" என்றார். அப்புறம், "டாக்டரைப் பாரு. ரமலான் முடியட்டும், உன் விஷயத்தைப் பார்க்கலாம்" என்றார். அந்தப் 'பார்க்கலாம்'தான் தூங்க விடமாட்டேன் என்கிறது.

வதீஃ எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார்.

பிப்ரவரி 12

ஃபிக்ரியிடம், டாக்டரிடம் போகணும் என்றேன். "நானும் வரேன்" என்றார். எதற்கென்று கேட்கவில்லை.

பிப்ரவரி 15

மவுஸைத் தொடாமல், அம்புக்குறி விசைகளைத் தட்டித் தட்டிக் கணுக்களை நகர்த்துகிறேன். ஒரு எழுத்துக்கு அரை நாள் ஆகிறது. ஹாஜி கடிகாரத்தைப் பார்க்கிறார், என்னைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

அப்பாவுக்கு வந்ததேதான், நடுக்குவாதம்.

டாக்டர் அம்மா வெள்ளைத்தாளைக் கொடுத்து ஒரு சுருள் வரையச் சொன்னார். வளைவு போட்டே வயிறு வளர்த்தவளிடம்! போட்டேன். உள்ளே போகப் போக நெருங்கி, நசுங்கி, கிழவியின் கோடு. அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். பிறகு அறைக்குள் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடக்கச் சொன்னார்.

மாத்திரை உண்டு, பல வருஷம் சமாளிக்கலாம், வேலையும் பார்க்கலாம் என்றார். எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது.

"எப்போலேர்ந்தும்மா இருக்கு?"

"ஜனவரியிலேர்ந்து."

"இல்ல டாக்டர்" என்று பின்னாலிருந்து ஃபிக்ரியின் குரல். "ரெண்டு வருஷமாச்சு. நடக்கும்போது இவ வலது கை மட்டும் வீசாது. தொங்கிக்கிட்டே வரும். தெருவுல யாராவது பார்த்து ஏதாவது கேட்டுட்டா இவ பயந்துடுவாளேன்னு, நான் அந்தப் பக்கமா போய்க் கையைக் கோத்துக்குவேன்."

வயசான காலத்தில் இந்த மனுஷனுக்கு ஆசை பொங்குகிறது என்று தங்கையிடம் பீற்றிக்கொண்டு திரிந்தேனே!

கீழே இறங்கினோம். கடற்கரைச் சாலையில் பலத்த காற்று. அவர் சுற்றிக்கொண்டு என் வலது பக்கம் வந்தார்.