வீட்டின் மேல் விழுந்த பழி

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் இருவரும் ஒருவாறு நலம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் நடுவிலேயே பதறி என்னைப் பேச விடமாட்டாய், அதனால் எழுதுகிறேன்.

முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு அப்பாவுக்கு இருமலும் காய்ச்சலும் மூச்சிரைப்பும் வந்தது உனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சேர்த்தால் தேறிவிடுவார், வீட்டுக்கு வந்தால் மறுபடி இழுக்கும். "இந்த வீடுதான் எனக்கு ஆகலை, தூசியும் தும்புமா வச்சிருக்கா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். நீயும் உன் பங்குக்கு, "கொஞ்சம் சுத்தமா வச்சுக்கோம்மா" என்றாய். திரைகளைக் கழற்றினேன், பரணை ஒழித்தேன், தலையணைகளைத் தூக்கி எறிந்தேன், கடைசியில் பூனையையும் தெருக்கோடித் தையல்காரர் கடையில் விட்டுவிட்டு வந்தேன். என் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். அப்படியும் அப்பா மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்து மூச்சு வாங்குவார், இவரைப் பறிகொடுத்துவிடுவேனோ என்று பயந்து நானும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன்.

மூன்றாம் முறை சேர்த்தபோது நுரையீரல் டாக்டரம்மா ஒருவர் வந்து, "வீட்ல என்னென்ன மாத்திரை சாப்பிடறார், எல்லாத்தையும் கொண்டாங்க" என்றார். அப்போதுதான் முதுகு டாக்டர் கொடுத்த வலி மாத்திரையைக் காட்டினேன். முதுகுக்கு உள்ளதை நெஞ்சு பார்ப்பவரிடம் எதற்குச் சொல்வது என்று நாங்கள் இருவருமே அதுவரை வாயைத் திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் வலிக்கு வேறு ஏதோ கொடுத்தார்கள், இது சமையலறை அலமாரியிலேயே கிடந்தது. வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு ஆனவுடன் மறக்காமல் நானே எடுத்துக் கொடுப்பேன். அது ஒத்துக்கொள்ளாமல்தான் நுரையீரல் அழன்று வீங்கிப்போனதாம், அபூர்வமாகச் சிலருக்கு அப்படி ஆகுமாம். அதை நிறுத்தி வீக்கம் வடிய மருந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து நன்றாகத்தான் இருக்கிறார், எனக்குத்தான் அலுப்பு இன்னும் தீரவில்லை.

வீட்டைக் குறை சொன்னதற்கு என்னிடம் அவர் வருத்தம் தெரிவிக்கவில்லை, அவர் சுபாவம் உனக்குத் தெரியாததா. நேற்று சாயங்காலம் செருப்பை மாட்டிக்கொண்டு எங்கோ போனார். திரும்பும்போது பூனையை மார்போடு அணைத்தபடி படியேறி வந்தார், நடுவில் எங்கும் உட்காரவில்லை. "பால் இருக்கா" என்று மட்டும் கேட்டார். நான் உள்ளே போய் அழுதுவிட்டுப் பாலை எடுத்து வந்தேன்.

நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். வரும்போது வலி மாத்திரை, தைலம் என்று எதையும் வாங்கி வராதே. தலையணை இரண்டு வாங்கி வா. உன் பேச்சைக் கேட்டுத்தான் இருந்ததையெல்லாம் எறிந்தேன்.

இப்படிக்கு,
உன் அம்மா