இரண்டாவது சாவி

14.6.1987, ஞாயிறு

அண்ணனுடைய பழைய ஃபியட் இன்று என் வீட்டுக் கொட்டகைக்கு வந்துவிட்டது. நாற்பத்து மூன்று வயதில் கார். நாளை ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

அண்ணன் ஜீப் வாங்கிவிட்டார். "வெளியாளுக்கு ஏன் குடுக்கணும் விஜயா, நீயே வச்சிக்க" என்றார். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, சாவியை அம்மா கையால் வாங்கிக்கொள்ளச் சொன்னார். ஒரு சாவிதான். இன்னொன்று அவர் வீட்டு மாடத்திலேயே இருக்கிறது. கேட்கவில்லை. கூடப் பிறந்தவரிடம் எப்படிக் கேட்பது? கேட்டால், இனிமேல் உனக்கு இதில் பாத்தியம் இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி.

அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து பஸ் படி ஏற முடியவில்லை, ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகத்தான் கார் என்று சொல்லியிருக்கிறேன். பாதி உண்மை.

16.6.87

மீதிப் பாதியை இங்கேயாவது எழுதுகிறேன். மலைமேல் இருக்கிற கரியாலூர்.

தங்கை கோகிலவாணி நர்ஸ் வேலைக்கென்று மலைக்குப் போனாள். அங்கே கந்தசாமி என்ற மலைக்காரரைக் கல்யாணம் செய்துகொண்டாள். பதினான்கு வருடம் ஆகிறது. இந்த வீட்டில் இனி அவள் பேச்சே கூடாது என்று அண்ணன் அன்றைக்குச் சொன்னதுதான். வருடத்துக்கு ஒரு முறை, சந்தைக்கு இறங்குகிறவர்களிடம் ஒரு பை சாமை கொடுத்தனுப்புவாள். கடிதம் கிடையாது. அம்மா கஞ்சி வைப்பாள். அண்ணன் வரும் சத்தம் கேட்டால் பானையைத் தட்டு போட்டு மூடிவிடுவாள்.

வாடகைக் காரில் போனால் அன்று சாயங்காலமே அண்ணன் காதுக்குப் போய்விடும். நான் மட்டும் பஸ்ஸில் போயிருக்கலாம். பதினான்கு வருடமாக ஏன் போகவில்லை? பயம்தான் — வேறு என்ன?

5.7.87, ஞாயிறு

அண்ணனுடைய டிராக்டர் ஓட்டும் பொன்னுரங்கம்தான் எனக்கு வாத்தியார். ஸ்கூல் மைதானத்தில் பத்து சுற்று.

"டீச்சர், ஸ்டேரிங்க கழுத்த நெறிக்கிற மாதிரி புடிக்காதீங்க. அது இன்னா ஓம் ஒர்க் எழுதாத பொண்ணா?"

முன்னால் போவது வந்துவிட்டது. ரிவர்ஸ் வரவில்லை. ஸ்டீயரிங் பக்கத்தில் இருக்கிற கியரை எந்தப் பக்கம் தள்ளினாலும் கரகரவென்று கத்துகிறது.

"பின்னாடி போறத அப்பால பாத்துக்கலாம்" என்றான். அவனுக்கும் களை எடுக்கிற அவசரம்.

2.8.87

லைசென்ஸ் வந்தது. அம்மா என் போட்டோவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "கோகிலா ஜாடை" என்றாள். அந்தப் பேரை அவள் வாயால் கேட்டு எத்தனை நாள்!

30.8.87, ஞாயிறு

கரியாலூர் போக விடிகாலையில் குளித்து, அம்மாவுக்கு அரக்குப் புடவை கட்டிவிட்டு, இட்லி கட்டி எடுத்துக்கொண்டு வந்தால் கொட்டகை காலி.

ஆவணி முகூர்த்தம். நைனார்பாளையத்தில் யாரோ பொண்ணை அழைக்க அண்ணன் எடுத்துப் போய்விட்டார். சாயங்காலம் கொண்டுவந்து விட்டார். சீட்டெல்லாம் கதம்பம். "கல்யாணத்துக்கு ஜீப்பயா எடுத்துக்கினு போவ முடியும்?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்தேனே!

அம்மா புடவையை மாற்றவில்லை. அதோடேயே படுத்துவிட்டாள்.

13.9.87

வருகிற வியாழக்கிழமையிலிருந்து ஒரு வாரம் சாலை மறியல். இடஒதுக்கீடு கேட்டு எல்லா ஊரிலும் கூட்டம். அண்ணன் சாப்பிடக்கூட வீட்டுக்கு வருவதில்லையாம். "நம்ம புள்ளைங்க படிச்சிட்டு மாடு மேய்க்குதுங்க விஜயா, உனக்குத் தெரியாதா?" என்றார். தெரியும். என்னிடம் படித்த பிள்ளைகள்தான்.

ஸ்கூல் லீவு. மறியல் பெரிய ரோட்டில்தானே? மலைக்குப் போகிற ரோட்டில் யாரை மறிப்பார்கள்? அண்ணனும் கார் கேட்டு வரமாட்டார்.

17.9.87, வியாழன்

கச்சிராயபாளையம் ரோட்டில் நன்றாகத்தான் போனேன். மலை நீலமாகத் தெரிந்தது. அம்மா கண்ணாடியை இறக்கி முகத்தை வெளியே நீட்டிக்கொண்டாள். வளைவு திரும்பினால் ரோட்டின் குறுக்கே ஒரு புளியமரம். வெட்டிய பச்சை மர வாசனை. முப்பது பேர். தலையில் துண்டு கட்டி, கையில் கோடாலியோடு — அண்ணன்.

"டீச்சர் வண்டிடா, வுட்ருங்க" என்று யாரோ சொன்னார்கள். மரம் கிடக்கும்போது எங்கே விடுவது?

அண்ணன் அம்மாவைப் பார்த்தார். அரக்குப் புடவையைப் பார்த்தார். அந்த ரோடு எங்கே போகும் என்று அவருக்குத் தெரியாதா?

"திருப்பு" என்றார்.

எனக்குத் திருப்பத் தெரியாதே. கியரோடு மல்லுக்கட்டினேன். வண்டி கத்தியது, பையன்கள் சிரித்தார்கள். அண்ணன் கதவைத் திறந்து என்னைத் தள்ளி உட்காரச் சொல்லி, தானே பின்னால் எடுத்துத் திருப்பினார்.

அம்மா பின்சீட்டிலிருந்து, "சுப்பு, நான் சாவறதுக்குள்ள அவள ஒருக்கா பாத்துட்றேன்டா" என்றாள்.

அண்ணன் இறங்கிப் போய்விட்டார். வீடு வரும்வரை அம்மா பின்கண்ணாடி வழியாக மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

20.9.87

அண்ணனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். கடலூர் ஜெயில்.

3.10.87

பொன்னுரங்கம் கடலூர் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். என் கையில் ஒரு சாவியை வைத்தான்.

"'மாடத்துல கீது, எட்து டீச்சராண்ட குட்துடு'ன்னாருங்க."

"வேற இன்னா சொன்னாரு?"

"'ரிவர்ஸ் கத்துக்குடுக்காம இன்னாடா கிழிச்ச'ன்னு என்ன வஞ்சாருங்க."

11.10.87, ஞாயிறு

போனோம். கார் நின்றதும் கோகிலா கதவைத் திறந்தாள். அம்மா இறங்கவில்லை, அவளையே உள்ளே இழுத்து உட்காரவைத்துக்கொண்டாள். வெகுநேரம் கார் அங்கேயே நின்றது.

அவளுடைய மகள் பேர் பெரியநாயகி. அம்மாவின் பேர்.

1.11.87, ஞாயிறு

அண்ணன் நேற்று விடுதலையாகி, இன்று காலை வந்தார். இளைத்துவிட்டார். கொட்டகையில் காரைச் சுற்றி வந்தார். பிறகு வாசலில் நின்று, "விஜயா, புதன்கிழமை சின்னசேலத்துல ஒரு கல்யாணம். வண்டி குடுக்கறியா?" என்றார். இதுவரை அவர் கேட்டதில்லை.

கொடுத்தேன்.

பின்கதவைத் திறந்தவர் அப்படியே நின்றார். கோகிலா கொடுத்த மூட்டை ஓட்டை. சீட்டு மடிப்பெல்லாம் சாமை. ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டார்:

"பெரியது இன்னா படிக்குது?"

"ஒரே பொண்ணுதான் ண்ணா. ஏழாவது."

உள்ளே அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டும் அம்மா தட்டை எடுத்து மூடவில்லை.