வெள்ளம் இல்லை

செவ்வாய்க்கிழமை, மட்டாஞ்சேரி.

படுத்தவள் எழுந்துவிட்டேன். வைப்பின் தீவு மீனவப் பெண்கள் சேர்ந்து கருவாட்டுத் தொழில் தொடங்க எங்கள் தொண்டு நிறுவனம் உதவுகிறது. மீன் கழுவக்கூட அங்கே நல்ல தண்ணீர் கிடையாது. தண்ணீர் வசதிக்கு நிதி கேட்டுச் சென்னைத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிய படிவத்தில், ஊரின் நிலை என்ற இடத்தில், 'வெள்ளம் இல்லை' என்று எழுதித் தொலைத்தேன். தண்ணீரை வெள்ளம் என்றே சொல்லி வளர்ந்த கொச்சித் தமிழ் என்னுடையது.

காலையில் சென்னை மேலாளர் போனில் சொன்னார்: "வெள்ளம் பாதிக்கலைன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. இந்த வருஷம் வெள்ளம் பாதிச்ச ஊருக்குத்தான் நிதி. லிஸ்ட்லேர்ந்து எடுத்தாச்சு."

விளக்கினேன்.

"அடுத்த வருஷம் பார்க்கலாம்மா" என்று வைத்துவிட்டார்.

சாயங்காலம் குழுத் தலைவி ரோசி சேச்சி கூப்பிட்டார். "வெள்ளம் எப்போ வரும், மோளே?"

"வரும் சேச்சி" என்றேன்.

கடல் ஏறினால் சென்னை கேட்கிற வெள்ளம் தானாக வந்துவிடும். சேச்சி கேட்டது?